தலையிடாதோர் வட்டம்

பிப்ரவரி 9, திங்கள்

ஆய்வகத்தில் இன்று தக்காளி விதை. ஈரத்தாளில் வரிசையாகப் பரப்பி, சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, முளைப்பு அலமாரிக்குள் நிற்கவைத்தேன். மேலாளர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பேப்பர் போடப் போறியா?" என்றார். வாரம் ஒருமுறை இதே நகைச்சுவை. வாரம் ஒருமுறை சிரிக்கிறேன்.

வேலை பிடித்திருக்கிறது. தாவரவியல் படித்துவிட்டுத் தத்துவம் வாசிக்கிறவளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. காலை முதல் மாலைவரை ஒரே கேள்வி: இது உயிரோடு இருக்கிறதா?

மாலை கண்ணாடிக் கடைக்குப் போய் லென்ஸை அழைத்துவந்தேன். (கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் கணவனை இந்தப் பெயரில்தான் எழுதுகிறேன். நேரிலும் அதுதான்.) பரிசோதனை அறை இருட்டில் ஒரு பெரியவர். "முதல்லதா, ரெண்டாவதா?" என்று லென்ஸ், கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்களே சொல்லுங்க தம்பி, எது நல்லா இருக்கு?"

"நான் சொல்லக்கூடாதுங்க."

"அப்புறம் எதுக்கு டாக்டரு?"

ஏற்ற இறக்கமில்லாத குரல். எந்தப் பக்கமும் சாயாதது. அந்தக் குரலுக்காகத்தான் இவனைக் கட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

தள்ளிப்போயிருக்கிறது. குச்சியில் இரண்டு கோடு.

எப்படி? ஜாக்கிரதையாகத்தான் இருந்தோம்.

ஆய்வகத்தில் ஒரே சோதனையை வைத்து முடிவு எழுத மாட்டோம். இன்னொரு குச்சி வாங்கிவந்தேன். இரண்டு கோடு.

பிப்ரவரி 13, வெள்ளி

லென்ஸிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்த தட்டையே இன்னும் கொஞ்ச நேரம் கழுவினான்.

"உனக்கு எப்படி இருக்கு?"

"தெரியல."

"உன் உடம்பு. உன் முடிவு. நீ என்ன சொன்னாலும் கூட இருப்பேன்."

சரியான பதில். ஒரு சொல்லைக்கூடக் குறை சொல்ல முடியாது. பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மாலை, ஐஸ்கிரீம் உருக உருக இருவரும் பேசி முடிவு செய்ததுதான்: ஒருவர் உடம்பு, ஒருவர் உறக்கம், ஒருவர் வேலை — இந்த மூன்றிலும் மற்றவருக்கு ஓட்டு கிடையாது.

பிறகு ஏன் எனக்கு வங்கி ஜன்னலில் பதில் வாங்கிக்கொண்டு திரும்பியதுபோல் இருந்தது?

பிப்ரவரி 14, சனி

வட்டம் கூடியது. "தலையிடாதோர் வட்டம்." யாருடைய உடம்பிலும் உடைமையிலும் அவர் சம்மதமில்லாமல் எவரும், அரசாங்கம் உட்பட, கைவைக்கக் கூடாது என்று நம்பும் நான்கு பேர். அக்காவிடம் முதன்முதலில் பெயரைச் சொன்னபோது, "தலையிடாதோரா? அப்ப உங்க வீட்ல ஒட்டடை யாரு அடிக்கிறது?" என்று கேட்டாள்.

கூடுமிடம் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பெஞ்சுகள் சிறு பிள்ளைகளுக்கானவை. முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டுதான் மனித சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறோம். வக்கீலக்கா நடுவர். பல்லவர் எதிர்க்கட்சி — பல் டாக்டருக்கு வேறென்ன பெயர் வைப்பது. அப்புறம் லென்ஸ், நான்.

வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தான் நம்புகிற பக்கத்தை யாரும் பேசக் கூடாது. எதிர்ப்பக்கத்தைத்தான் பேச வேண்டும், அதுவும் அந்தப் பக்கத்துக்காரரே கைதட்டும்படி. பேசி முடித்தபின் "நிஜச் சுற்று": அவரவர் உண்மையில் நினைப்பதை ஓரிரு வரியில் சொல்ல வேண்டும்.

பல்லவர் அடுத்த கூட்டத்துக்குத் தலைப்பு கொடுத்தார்: கரு எப்போது ஆள் ஆகிறது? கருவைக் கலைக்கும் உரிமை யாருக்கு?

"நீங்க என் பக்கம் பேசணும்" என்றார் என்னிடம், குழந்தைபோல் கையைத் தேய்த்துக்கொண்டு. "முதல் நாள்லேர்ந்தே ஆள்னு. நான் உங்க பக்கம். உடம்பு அவளோடது, முடிவும் அவளோடதுன்னு."

எழுந்து போயிருக்கலாம். சொல்லியிருக்கலாம். லென்ஸ் பெஞ்சில் யாரோ காம்பஸால் கீறிய பெயரைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சரி" என்றேன்.

ஏன் சொன்னேன்?

பிப்ரவரி 19, வியாழன்

டாக்டரிடம் போனேன். தனியாக. லென்ஸ் "நான் வரணுமா?" என்றான். "வா" என்று சொல்லியிருந்தால் வந்திருப்பான். "வரேன்" என்று அவன் சொல்லியிருந்தால் நானும் சரியென்றிருப்பேன்.

டாக்டர் அம்மா திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு கேட்டார்: "பாக்கணுமா, வேணாமா?" அந்தக் கேள்விக்காக அவரைப் பிடித்துப்போயிற்று. பார்த்தேன். சாம்பல் நிறம். அதற்குள் இன்னொரு சாம்பல். அதற்குள் ஏதோ மினுக்மினுக்கென்று.

"எந்த முடிவா இருந்தாலும் அவசரம் இல்ல. ஆனா ரொம்பவும் தள்ளிப்போடாதீங்க. மார்ச் முதல் வாரத்துக்குள்ள சொன்னீங்கன்னா மாத்திரையிலயே முடியும்."

உயிர், சரி. சந்தேகமில்லை. ஆனால் உயிர் வேறு, ஆள் வேறு. தக்காளியும் உயிர்தான்.



பிப்ரவரி 20, வெள்ளி

தக்காளியைப் பிரித்து எண்ணினோம். வேர்முனை உறையைக் கிழித்த கணமே முளைத்துவிட்டது என்பார் என் பழைய பேராசிரியர். எங்கள் விதிப்புத்தகம் ஒத்துக்கொள்ளாது: வேர், தண்டு, இலை எல்லாம் சீராக இருந்து, மண்ணில் நிற்கும் என்று தெரிந்தால்தான் முளைப்பு. விதைத்தவர் இரண்டையும் கேட்க மாட்டார். வரப்பிலிருந்து பச்சை தெரிய வேண்டும் அவருக்கு. மூவரும் சரி. அவரவர் வேலைக்கு ஏற்ற கோடு.

இன்னொன்றும் உண்டு. ஊறாமலும் அழுகாமலும் அப்படியே கிடக்கும் விதைகள். அவற்றை இறந்தவற்றோடு சேர்க்க மாட்டோம், முளைத்தவற்றோடும் சேர்க்க மாட்டோம். தனியாக ஒரு கட்டம்.

அழகான உவமை. இவ்வளவு சுலபமாகக் கையில் வந்து விழும் உவமையை நம்பக் கூடாது. எந்த விதையும் என் இரத்தத்தைக் குடித்து வளரவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

அக்கா வீடு. பிள்ளைகள் இரண்டும் மாடியில் கூச்சல். சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவள் கை நிற்கவில்லை.

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல."

"ஊமையா?"

"கொள்கை."

"எல்லாம் ஒண்ணுதான். நீங்க ரெண்டு பேரும் மாநாடு போடாம ஒரு கிலோ வெங்காயம் வாங்க மாட்டீங்களே."

அப்புறம், கிண்ணத்தைப் பார்த்தபடியே: "சின்னவளுக்கு அப்புறம் ஒண்ணு வந்துச்சு. வேணாம்னு போனேன். உனக்கு அப்போ பரீட்சை, சொல்லல."

எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாக.

"வருத்தமா இருந்துச்சாக்கா?"

"களைப்பா இருந்துச்சு. மறுநாள் பெரியவளுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தேன். அழுவேன்னு நினைச்சேன், வரல. அழுகை வரலையேன்னுதான் கொஞ்சம் சங்கடம். அப்புறம் அதுவும் போயிடுச்சு." பட்டாணியை என் பக்கம் தள்ளினாள். "உனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாதுடி. ஆனா என்னைப் பாத்து முடிவு பண்ணாதே. என்னைப் பாத்துப் பயப்படவும் பயப்படாதே."

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இருவர் கையிலும் பட்டாணித் தோல். தோளால் இடித்தேன். அவளும் இடித்தாள்.

வீடு திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இருக்கை. நிம்மதியான ஞாயிறு. இப்படி எழுதுவது வினோதம்தான். ஆனால் உண்மை.

பிப்ரவரி 25, புதன்

பல்லவர் பக்கத்து வாதத்தைத் தயார் செய்கிறேன். நன்றாக வருகிறது. அதுதான் பயம்.

பிப்ரவரி 28, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

முதலில் பல்லவர். என் பக்கத்தை என்னைவிட நன்றாகப் பேசினார். "என் கிளினிக் நாற்காலியில ஒருத்தர் தூங்குறார்னு வைங்க. எழுப்பினா செத்துடுவார். மாசக்கணக்கா தூங்கணும். ஆள்தான், நான் மறுக்கல. தூங்க விட்டா நான் நல்லவன். ஆனா, 'எழுப்பாதே'ன்னு என் வாசல்ல போலீஸ் வந்து நிக்க முடியுமா? ஒரு நாற்காலிக்கே இவ்வளவு உரிமைன்னா உடம்புக்கு? அந்த நாற்காலியை வாங்குறதுக்கு எவ்வளவோ முன்னாடியிருந்து உடம்பு என்னோடது!"

வக்கீலக்கா மேசையைத் தட்டினார். என் முறை.

"டாக்டர், அவருக்கு மயக்க ஊசி போட்டது யாரு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தொடர்ந்தேன்.

"அவர் வழி தவறி வந்து தூங்கல. ஊசி நீங்க போட்டது. எழுந்து போக முடியாத நிலைமைக்கு ஒருத்தரைக் கொண்டுவந்துட்டு, 'என் நாற்காலி, எழுந்து போ, இல்லன்னா சாவு'ன்னு சொல்றது உரிமை இல்ல, அத்துமீறல். பேச மாட்டார், தான் யாருன்னே அவருக்குத் தெரியாதுன்னு சொல்வீங்க. மயக்கத்துல இருக்கிற யாருக்குத் தெரியும்? எந்த நாள்ல வேணும்னாலும் கோடு போடுங்க. அதுக்கு முந்தின நாள் அவர்கிட்ட என்ன குறைச்சல்னு மட்டும் சொல்லிட்டுப் போடுங்க."

பெஞ்சைவிட்டு எழுந்தே நின்றுவிட்டேன். வாதத்தின் வேகம் என்று நினைத்திருப்பார்கள். பல்லவர் தன் பாத்திரத்தை மறந்து, "அடடா, இத்தனை வருஷமா நான் இதை இவ்வளவு அழகா சொன்னதே இல்லையே!" என்று கைதட்டினார்.

வக்கீலக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஊசியே போடாம, பூட்டின கதவுக்குள்ள வந்து தூங்கினவங்க?"

"அதுக்கு என்கிட்ட பதில் இல்லக்கா."

பூட்டித்தான் வைத்திருந்தோம். நான் ஜெயித்த வாதம் என் விஷயத்தைப் பற்றியதே அல்ல. அல்லது பூட்டு எப்போதாவது திறந்துகொள்ளும் என்று தெரிந்துதானே —

நிஜச் சுற்று.

பல்லவர்: "முதல் நாள்லேர்ந்து ஆள்தான். ஆளைக் காப்பாத்தறதுக்காகத்தான் அரசாங்கம்னு ஒண்ணையே நான் பொறுத்துக்கறேன்."

வக்கீலக்கா: "ஆளா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனா வயித்துக்கு ஒரு போலீஸ்காரரைக் காவல் வைக்கிற அரசாங்கம் எனக்கு வேணாம்."

லென்ஸ்: "எனக்குக் கருத்து இல்ல."

"ஊருக்கெல்லாம் பார்வை பாக்கறவருக்கு ஒரு பார்வையும் இல்லையாமே" என்றார் வக்கீலக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவனும்.

நான்: "தெரியல."

வட்டம் தொடங்கிய நாளிலிருந்து நிஜச் சுற்றில் நான் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. வக்கீலக்கா என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தலையிடாதோர்.

மார்ச் 1, ஞாயிறு

காலை. படுக்கை விரிப்பைத் துவைத்து, ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தோம்.

கருத்து இல்லையாம். கருத்து இல்லையாமே! ராத்திரியெல்லாம் மனசுக்குள்ள ஓடினது வாய்ல வந்துடுச்சு.

"ஒரு விதைக்குக்கூட நாங்க ஏதாவது ஒரு கட்டத்துல குறி போடுறோம். உனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"நான் சொன்னா அது உன்மேல ஏறி உக்காரும்."

"சொல்லாம இருக்கிறது மட்டும் உக்காரலையா? கழுத்துலயே உக்காந்திருக்கு."

"தினமும் பாக்கறேன். குரலைக் கொஞ்சம் மாத்தினாலே போதும், 'ஆமா தம்பி, ரெண்டாவதுதான்'னு சொல்லிடுவாங்க. அப்புறம் தப்பான கண்ணாடியோட தலைவலியோட அலைவாங்க. உனக்கு அப்படி ஆகக்கூடாது."

"நான் உன் பேஷண்ட் இல்லடா!"

விரிப்பிலிருந்து நீர் இருவர் காலிலும் சொட்டியது.

"எனக்கு வேணும்" என்றான்.

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்த குரல்.

"ரொம்ப வேணும். அன்னிக்குத் தட்டு கழுவும்போதே தெரிஞ்சுபோச்சு. சொல்லிட்டேன். இப்ப நீ வேணாம்னு சொன்னா அழுவேன். அழுதுட்டு, உன்கூட ஆஸ்பத்திரிக்கு வருவேன். ரெண்டும் நடக்கும். ரெண்டையும் தாங்கிக்க முடியுமா உன்னால?"

"முடியும்" என்றேன். உடனே. யோசிக்காமல்.

அவனுக்கு வேண்டாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் வாய் திறப்பது எனக்குப் பிடிக்காது என்று அவன் நினைத்திருந்தான். கேட்டால் அவனை வற்புறுத்துவதாகும் என்று நான் கேட்கவில்லை. சொன்னால் என்னை வற்புறுத்துவதாகும் என்று அவன் சொல்லவில்லை. சட்டம் மீறாத இரண்டு குடிமக்கள், ஒரே வீட்டில், இத்தனை நாள்.

விசித்திரம் என்னவென்றால், அவன் சொன்னபிறகு பாரம் கூடவில்லை. மறுப்பதற்கு இப்போதுதான் எதிரில் ஒரு ஆள் இருக்கிறான். நேற்றுவரை "வேண்டாம்" என்று வெற்றுச் சுவரிடம்தான் சொல்லியிருக்க முடியும்.

விரிப்பு சரியாகப் பிழியப்படவில்லை. மாலைவரை காயவில்லை.

மார்ச் 2, திங்கள்

ஒரு பரிசோதனை. இன்று முழுவதும் "வேண்டாம்" என்று முடிவெடுத்துவிட்டவளாக இருந்து பார்ப்பது. பாசாங்கு இல்லாமல்.

இருந்தேன். பசித்தது, சாப்பிட்டேன். மேலாளரின் நகைச்சுவைக்குச் சிரித்தேன். மிளகாய் விதை அறிக்கையை முடித்தேன். வானம் விழவில்லை. அக்கா சொன்ன களைப்பு புரிந்தது. அதன் மறுபுறத்தில் ஒரு லேசான காற்றும் புரிந்தது.

மார்ச் 3, செவ்வாய்

இன்று "வேண்டும்".

பயம். காலையிலிருந்து. மேல்படிப்பு என்ன ஆகும், தூக்கம் என்ன ஆகும், நான் என்ன ஆவேன். மத்தியானம் ஆய்வகப் படிகளில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நான் கைப்பிடி பிடிப்பவளே அல்ல. பாதிப் படியில்தான் கவனித்தேன். பயத்தோடு பயமாக, சிரிப்பு வந்தது.

இரண்டு வாழ்க்கையிலும் நான் பிழைத்துக்கொள்வேன். அது தெரிந்ததும் பல்லவரின் நாற்காலியும் என் ஊசியும் கொஞ்சம் தூரமாகப் போய்விட்டன. யார் என்னைத் தடுக்கலாம் என்பதற்குத்தான் அவை பதில் சொல்கின்றன. என்ன செய்ய வேண்டும் என்று நான் அவற்றிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

டாக்டர் அம்மா: "முடிவு பண்ணிட்டீங்களா?"

"வச்சுக்கறேன்."

"ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?"

"பேசினோம். முடிவு என்னோடது."

வெளியே பெஞ்சில் லென்ஸ். என் முகத்தைப் பார்த்தே கேட்காமல் இருந்தான். பிறகு கேட்டான்! "என்ன சொன்னே?" சொன்னேன். நாலு பேர் பார்க்க அழுதான். பக்கத்திலிருந்த ஒரு அம்மா என்னிடம், "தைரியமா இருங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார். விளக்கவில்லை. நன்றி சொன்னேன்.

ஏன் வச்சுக்கறேன்? பலமுறை கேட்டுப் பார்த்தேன். அது ஆள் என்று நிரூபணமானதாலா? இல்லை. அவன் கேட்டதாலா? இல்லை, கேட்டபிறகு ஒரு நாள் முழுக்க மறுத்துப் பார்த்திருக்கிறேன். வேண்டும்போல் இருக்கிறது. அவ்வளவுதான். இதற்குக் கீழே வேறு தளம் இல்லை.

மார்ச் 14, சனி

வட்டத்தில் சொன்னேன். வக்கீலக்கா, "அன்னிக்கு 'தெரியல'ன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்" என்றார். "அப்ப ஏன் கேக்கல?" என்றேன். "நீ ஏன் சொல்லல?" என்றார். ஆளுக்கொரு மாதிரி அசடு வழிந்தோம்.

பல்லவருக்குத்தான் முகமெல்லாம் பல். "அப்ப என் பக்கம் வந்துட்டீங்க!"

"இல்ல டாக்டர். நாளைக்கு ஒருத்தி வேணாம்னு போனாலும் அவ வழியில யாரும் நிக்கக்கூடாதுன்னுதான் இன்னமும் சொல்றேன்." அக்காவை நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

"அப்புறம் எதுக்கு வச்சுக்கறீங்க?"

"வேணும்னு."

"அது வாதம் இல்லையே?"

"இல்லதான். எதிர்வாதமும் கிடையாது."

தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள மாட்டார், நானும் மாட்டேன். போகும்போது வாசலில் நின்று, "வாந்தி அதிகமா இருந்தா உடனே பல் தேய்க்காதீங்க, எனாமல் போயிடும். முதல்ல வெறும் தண்ணில கொப்பளிங்க" என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. தன் வாழ்த்தை அவர் அப்படித்தான் சொல்ல முடியும்.

ஜூன் 20, சனி

லென்ஸ் இப்போது எல்லாவற்றுக்கும் கருத்து சொல்கிறான். என் செருப்பு, என் நடை, நான் குடிக்கும் நீரின் சூடு. இன்று மட்டும் பலமுறை "வாயை மூடு" என்றேன். மூடவில்லை. நல்ல நாள்.

நவம்பர் 22, ஞாயிறு

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

வலது கை மரத்துப்போயிருக்கிறது. அதன்மேல் ஒருவர் தூங்குகிறார். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, முழங்கையில் எச்சில். வெயில் தரையில் நகர்ந்து கட்டில் காலைத் தொட்டுவிட்டது. அடுத்த வாரம் வட்டத்துக்கு வரச்சொல்லி வக்கீலக்கா செய்தி அனுப்பியிருக்கிறார், தலைப்பு வரிவிதிப்பாம். சமையலறையில் லென்ஸ் எதையோ கீழே போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இங்கே அசைவில்லை.

கையை உருவிக்கொள்ளலாம். என் கைதான்.

கொஞ்ச நேரம் போகட்டும்.